இலத்திரனியல் வாக்களிப்பு இயந்திரம் வந்தால், அதை யார், எதை வைத்துச் சரிபார்ப்பது?

#1 பம்பலப்பிட்டிச் சந்தி

2024 ஜனாதிபதித் தேர்தலில் செப்டெம்பர் 21 வாக்களித்து, மறுநாள் மாலை கடந்துதான் முடிவு வந்தது. இரண்டாம் விருப்பு எண்ணிக்கை இலங்கையில் முதல் தடவையாக நடந்ததால் வந்த தாமதம். அன்றிலிருந்து "மெஷின் வந்தால் இந்தப் பாடு இல்லை" என்ற பேச்சு ஓயவில்லை. மாகாண சபைத் தேர்தல் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் மறுபடி கிளம்புகிறது.

ஆதரவு, எதிர்ப்பு என்று கட்சி கட்டாமல் கேட்கிறேன். நம்முடைய வாக்குச்சீட்டு முறையில் இப்போது என்னென்ன சரிபார்ப்பு இருக்கிறது? இயந்திரம் வந்தால் அவற்றில் எது போகும், எது மிஞ்சும்? விபரம் தெரிந்தவர்கள் எண்களோடு எழுதுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

முதலில் இருப்பதைப் பார்ப்போம். நம் முறையின் பலம் பெட்டியிலும் பூட்டிலும் இல்லை. பலம் முழுவதும் ஒரு கூட்டல் கணக்கில் இருக்கிறது.

காலை 7 மணிக்கு முன் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் வெற்றுப் பெட்டியைத் திறந்து வேட்பாளர்களின் முகவர்களுக்குக் காட்டி, மூடி முத்திரையிடுகிறார். விரும்பிய முகவர் தன் முத்திரையையும் வைக்கலாம். வாக்காளரின் இடாப்பு இலக்கமும் பெயரும் உரத்து வாசிக்கப்படும். முகவர்கள் தங்கள் பிரதியில் அந்தப் பெயரை வெட்டிக்கொண்டே போவார்கள். விரலில் மை. சீட்டில் உத்தியோகபூர்வ அடையாளம். பிறகுதான் சீட்டு கைக்கு வருகிறது.

மாலை வாக்களிப்பு முடிந்ததும் வாக்குச்சீட்டுக் கணக்கு எழுதப்படும். உதாரணத்துக்கு ஒன்று: பெற்றுக்கொண்ட சீட்டு 1,300. வழங்கியது 1,012. பழுதாகித் திரும்பியது 6. பாவிக்காதது 282. பின் மூன்றையும் கூட்டினால் 1,300 வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நின்று தேட வேண்டும், பெட்டியோடு பஸ்ஸில் ஏறின பிறகு தேடிப் பலனில்லை.

வாக்கெண்ணும் நிலையத்தில் பெட்டியைத் திறந்ததும் யாருக்கு வாக்கு என்று பார்க்க மாட்டார்கள். முதலில் சீட்டுகளின் தொகையை மட்டும் எண்ணி, அந்தக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். மேலே சொன்ன பெட்டியில் 1,011 இருந்தால் பதற வேண்டாம். யாரோ ஒருவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் போயிருக்கலாம். 1,013 இருந்தால் கதை வேறு. வழங்காத ஒரு சீட்டு பெட்டிக்குள் எப்படி வந்தது? குறைவதற்கு அப்பாவியான காரணம் உண்டு, கூடுவதற்கு இல்லை. புதிதாகப் போகும் முகவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதுதான்.

தொகை பொருந்திய பிறகு பல பெட்டிகளின் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்துதான் வேட்பாளர் வாரியாகப் பிரிக்கிறார்கள். ஒரு ஒழுங்கையோ ஒரு தொடர்மாடியோ யாருக்குப் போட்டது என்று தெரியாமல் இருக்கத்தான் இந்தக் கலப்பு.

#3 மட்டக்குளி 15

கணக்குப்பிள்ளை அண்ணா, ஒரு சந்தேகம். வழங்கினதை விட ஒண்டு குறைஞ்சா பிரச்சினை இல்லை எண்டு சொல்றீங்க. அந்த ஒரு வெற்றுச் சீட்டு வெளியில போச்செண்டா அதை வச்சு விளையாடலாமே?

#4 கணக்குப்பிள்ளை

சரியான இடத்தைப் பிடித்தீர்கள் தம்பி. "பதற வேண்டாம்" என்று நான் எழுதியது கூடிப்போயிற்று. கள்ளச் சீட்டு உள்ளே வந்ததற்கான அடையாளம் அது அல்ல, ஆனால் குறித்து வைக்க வேண்டிய விடயம்.

வெளியே போன ஒரு வெற்றுச் சீட்டை வைத்துச் சங்கிலியாக வாக்கு வாங்கலாம். தரகர் அதில் தானே அடையாளமிட்டு முதல் ஆளிடம் கொடுப்பார். அவர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, தனக்குக் கிடைத்த வெற்றுச் சீட்டை வெளியே கொண்டுவந்து காசு வாங்குவார். அது அடுத்த ஆளுக்குப் போகும். இப்படி எத்தனை பேர் போனாலும் கணக்கில் ஒன்றுதான் குறையும், ஆகவே கூட்டல் இதைக் காட்டிக்கொடுக்காது.

தடுப்பது இரண்டு விடயம். அடையாளம் வழங்கும் நேரத்தில்தான் குத்தப்படுகிறது, ஆகவே அச்சகத்திலிருந்தோ கட்டிலிருந்தோ திருடிய சீட்டு செல்லாது. சங்கிலி ஓட, உள்ளே வழங்கிய ஒரு சீட்டு வெளியே வந்தே ஆக வேண்டும். அதனால் மறைப்பிலிருந்து வருபவர் மடித்த சீட்டைப் பெட்டியில் போடுவதை ஒருவர் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியை அலுவலரின் பார்வைக்கு நேரே வைப்பதற்குக் காரணம் இதுதான். நெரிசலில் பெட்டியைக் கதவோரம் தள்ளிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

#5 குறிமுறை

இயந்திரப் பக்கத்தை நான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் மனதில் வைத்திருப்பது இந்திய இயந்திரம், ஆகவே அதையே எடுப்போம்.

அதில் மூன்று பாகம். வாக்காளர் அழுத்தும் வாக்குப் பலகை, அலுவலரின் மேசையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, இரண்டுக்கும் இடையில் சீட்டு அச்சிடும் விவிபேட். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஹைதராபாத் இசிஐஎல்லும் தயாரிக்கின்றன. மின்கலத்தில் ஓடும், இணையத்தோடு தொடர்பில்லை. ஒரு வாக்குப் பலகையில் 16 பொத்தான். வாக்காளர் அழுத்தியதும் தொடர் இலக்கம், பெயர், சின்னம் அச்சான ஒரு சிறு வெப்பத்தாள் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்து, அறுந்து உள்ளே விழும்.

இதை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? 2024 ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டது 38 பேர். ஒரு நிலையத்துக்கு 3 பலகை வேண்டும். 13,421 நிலையத்துக்கு 40,263 பலகை, அதற்கு மேல் பழுதானால் மாற்ற உபரி. காசைக் கொட்டி அதைச் சமாளிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

சமாளிக்க முடியாதது விருப்பு இலக்கம். அந்த இயந்திரம் ஒரு வாக்காளரிடமிருந்து ஒரே ஒரு அழுத்தலைத்தான் பதியும். நம் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு எழுதலாம். நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அதே கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை. கொழும்பு மாவட்டத்துக்கு 2024 இல் 18 ஆசனம். மூன்று கூட்டி ஒவ்வொரு பட்டியலிலும் 21 பேர். இதைப் பதிய இந்திய வடிவமைப்பில் இடமே இல்லை, புதிய மென்பொருள் எழுத வேண்டும். அதை எழுதியவரையும் ஏற்றியவரையும் நம்ப வேண்டும். "இந்தியாவில் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது" என்ற வாதம் அந்தப் புது மென்பொருளுக்குப் பொருந்தாது.

#6 மட்டக்குளி 15

சரி அக்கா, ஆனா 96 கோடிக்கு மேல வாக்காளர் இருக்கிற நாட்டில அதுதான் ஓடுது. நிராகரிச்ச வாக்கையும் பாருங்க. எங்கட 2024 இல 3 இலட்சத்து 300 வாக்கு நிராகரிப்பு, போட்ட வாக்கில 100 க்கு 2 க்கு மேல. மெஷின்ல பிழையா அழுத்தவே ஏலாது. அந்த 3 இலட்சம் பேரின்ட வாக்குக்கும் மதிப்பு இருக்குத்தானே. விவிபேட் சீட்டும் கடுதாசிதானே, பிறகு என்ன பயம்?

#7 குறிமுறை

நிராகரிப்பு பற்றி நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். இயந்திரத்துக்கு ஆதரவான மிக நேர்மையான வாதம் அதுதான். வேட்பாளர் கூடக்கூட, சீட்டு 27 அங்குலத்துக்கு நீளும்போது, பிழையும் கூடும்.

விவிபேட் விடயத்தில் மட்டும் நில்லுங்கள். கடுதாசி இருப்பது ஒன்று, அதை எண்ணுவது இன்னொன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் விதித்த அளவு, ஒரு சட்டமன்றத் தொகுதிப் பகுதிக்கு 5 நிலையங்களின் சீட்டை எண்ணிப் பார்ப்பது. ஒரு பகுதியில் 250 நிலையம் என்றும், அவற்றில் 10 இல் கை வைத்திருக்கிறார்கள் என்றும் எடுங்கள். குலுக்கி எடுத்த 5 இல் அந்த 10 இல் ஒன்றாவது அகப்பட வாய்ப்பு எவ்வளவு?

240/250 × 239/249 × 238/248 × 237/247 × 236/246 = 0.814. இது அகப்படாமல் தப்பும் வாய்ப்பு. பிடிபடுவது 100 க்கு 19 தடவைகூட இல்லை. வெற்றி வித்தியாசம் பெரிதாக இருந்தால் 10 நிலையம் முடிவை மாற்றாது, அப்போது 5 போதும். வித்தியாசம் நெருக்கமாக இருந்தால் போதாது. அந்த 5 என்ற எண்ணுக்கும் வித்தியாசத்துக்கும் தொடர்பே இல்லாததுதான் குறை.

2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் முழுச் சீட்டையும் எண்ணும் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. சின்னங்களை விவிபேட்டுக்கு ஏற்றும் கருவியை முடிவுக்குப் பின் 45 நாள் முத்திரையிட்டு வைக்கவும், இரண்டாம் மூன்றாம் இடம் வந்தவர் கேட்டால் 5 வீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கவும் உத்தரவிட்டது. அந்தக் கருவியை முத்திரையிடச் சொன்னதைக் கவனியுங்கள். சின்னம் ஏற்றுமுன் எந்தப் பொத்தான் எந்தக் கட்சி என்று இயந்திரத்துக்குத் தெரியாது என்பது முக்கியமான பாதுகாப்பு வாதம். விவிபேட்டைப் பொறுத்தவரை, வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு அந்த விபரம் வெளியிலிருந்து உள்ளே போகிறது.

#8 பம்பலப்பிட்டிச் சந்தி

தேர்தலுக்கு முன் மென்பொருளின் ஹாஷ் பெறுமானத்தை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணைச் சரிபார்த்தால் போதாதா? அதைக் கணக்கிடும் எஸ்எச்ஏ-256 என்ற முறையில் வரும் எண் பொருந்தினால் மாற்றவில்லை என்றுதானே அர்த்தம்?

#9 குறிமுறை

அந்தப் பெறுமானத்தை உங்களுக்குக் காட்டுவது எது என்று பாருங்கள். இயந்திரமே தன் திரையில் காட்டினால் அது தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் சாட்சி. மாற்றிய மென்பொருளுக்குப் பழைய பெறுமானத்தை அச்சிடுவது ஒரு வரி வேலை. மென்பொருள் பதிந்திருக்கும் சில்லிலிருந்து (சிப்) வெளியே வாசித்துக் கணக்கிட்டால் பெறுமதி உண்டு. ஆனால் வாசிக்க விடும் சில்லு என்றால் எழுதவும் வழி இருக்கலாம். வாசிக்க முடியாதபடி பூட்டிய சில்லில் எது ஓடுகிறது என்று யாரும் பார்க்க முடியாது.

மாதிரி வாக்களிப்பும் இப்படித்தான். இந்தியாவில் காலையில் முகவர்கள் முன் குறைந்தது 50 வாக்குப் போட்டுப் பார்ப்பார்கள். பழுதைக் கண்டுபிடிக்க நல்ல வழி. ஆனால் திட்டமிட்டுத் திருத்தியவன் முதல் 200 வாக்குக்கு ஒழுங்காக ஓடவிட்டு, பிறகு தொடங்கலாம்.

ரொனால்ட் ரிவெஸ்ட், ஜோன் வாக் (Wack) என்ற இரு ஆய்வாளர்கள் 2006 இல் ஒரு வரைவிலக்கணம் கொடுத்தார்கள்: மென்பொருளில் யாருக்கும் தெரியாமல் நுழைந்த மாற்றமோ பிழையோ, கண்டுபிடிக்க முடியாதபடி தேர்தல் முடிவை மாற்ற முடியாமல் இருக்க வேண்டும். "மென்பொருளில் தங்கியிராமை" என்று சொல்லலாம். இதில் தேறாத எதையும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இதற்குச் சதிகாரன் வேண்டியதும் இல்லை. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸை அடுத்த ஸ்கார்பேக்கில் 2003 மே மாதத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்கு அதிகமாக விழுந்தது. 4,096 என்பது 2 ஐ 12 தரம் பெருக்கி வரும் எண், நினைவகத்தில் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 ஐ வைத்திருக்கும் இடம்) புரண்டதற்கான அடையாளம். வாங்கியிருக்கக்கூடிய வாக்கைவிட அதிகம் காட்டியதால்தான் அகப்பட்டது. வேறொரு பிட் புரண்டு 64 வாக்கு மட்டும் கூடியிருந்தால் யார் கண்டிருப்பார்கள்?

#10 சீலைக்கரை

சட்டப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று, 2005 தேர்தலில் பாவித்த நெடாப் நிறுவன வாக்களிப்பு இயந்திரங்களை அரசியலமைப்புக்கு முரண் என்றது. மோசடி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. நீதிமன்றம் வைத்த அளவுகோல் வேறு: சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரண குடிமகனும் தேர்தலின் முக்கிய படிகளைத் தானே பார்த்துச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். நெதர்லாந்தும் அதற்கு முன்பே இயந்திரத்தைக் கைவிட்டுக் கடுதாசிக்குத் திரும்பிவிட்டது.

அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால், கொட்டாஞ்சேனையில் கடை நடத்தும் ஒரு முகவர், கணினி தெரியாமலே, #2 இல் உள்ள கூட்டலைச் செய்து பிழை பிடிக்கலாம். இயந்திரம் வந்தால் அந்த உரிமை அவரிடமிருந்து எடுக்கப்பட்டு ஒரு நிபுணர் குழுவுக்குப் போகும். இந்த இழப்பைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு உண்மையிலேயே கவலை.

#11 நிகழ்தகவு

விவாதம் "கடுதாசியா மெஷினா" என்று ஓடுகிறது. கடுதாசி இருந்தால் மட்டும் போதாது என்று சொல்ல வந்தேன். கையால் எண்ணும்போதும் பிழை வரும். ஒரு கட்டு பக்கத்து வேட்பாளரின் மேசைக்குப் போகலாம், 1,563 ஐ 1,653 என்று தாளில் எழுதலாம். எண்ணி முடித்த பிறகு, முடிவு சரி என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

இதற்கு வழி உண்டு. புள்ளிவிபரவியலாளர் பிலிப் ஸ்டார்க் 2008 இல் முன்வைத்த இடர் வரம்புத் தணிக்கை. அமெரிக்காவின் கொலராடோ 2017 இல் மாநிலம் முழுவதும் நடைமுறைப்படுத்தியது. முடிவு பிழையாக இருந்தால் அது தப்பிவிடும் வாய்ப்பு, உதாரணமாக 5 வீதத்துக்கு மேல் போகாதபடி, எழுந்தமானமாகச் சீட்டுகளை எடுத்துப் பார்ப்பது. நம் 2024 எண்களையே போட்டுக் காட்டுகிறேன்.

செல்லுபடியான வாக்கு 13,319,616. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035. மற்ற எல்லோருக்கும் சேர்த்து 3,321,666. இந்த மூன்றாவது கட்டிலிருந்து 2ஆம், 3ஆம் விருப்பாக முதலாமவருக்கு 105,264, இரண்டாமவருக்கு 167,867 போயிற்று. அதாவது 273,131, கட்டில் 100 க்கு 8 தான். இறுதியில் 5,740,179 க்கு 4,530,902. இருவருக்குள் மட்டும் பார்த்தால் 55.89 வீதத்துக்கு 44.11.

ஒரு கல்குலேட்டர் போதும். 1 இல் தொடங்குங்கள். குலுக்கலில் வரும் சீட்டு கடைசிக் கணக்கில் வென்றவருக்குரியது என்றால் 1.118 ஆல் பெருக்குங்கள், அதாவது 0.5589 இன் இரட்டிப்பு. இரண்டாமவருக்குரியது என்றால் 0.882 ஆல். வேறு யாருக்கும் போன, அல்லது நிராகரித்த சீட்டு என்றால் எண்ணை அப்படியே விடுங்கள். 20 ஐத் தொட்டதும் நிறுத்தலாம். 20 என்பது 1 ஐ 0.05 ஆல் வகுத்தது.

அறிவித்த முடிவு உண்மையாக இருந்தால் 20 ஐத் தொடச் சராசரியாக 580 சீட்டு அளவில் போதும். ஒரு கோடியே 36 இலட்சம் சீட்டிலிருந்து 580. அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போகலாம். அறிவித்த முடிவு பிழையென்றால், பெரும்பாலும் 20 வராமலே இழுபட்டுக் கடைசியில் முழு மீள் எண்ணிக்கையில் போய் நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும்.

இரண்டாம் சுற்றுக்குப் போன இருவரும் சரியானவர்களா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாமவருக்கு 2,299,767. இரண்டாமவரோடு உள்ள இடைவெளி பெரியது என்பதால் அதே சீட்டுகளே அதற்கும் போதும்.

#12 மட்டக்குளி 15

580 எண்டு கேட்க வடிவா இருக்கு. ஆனா எந்த 580 எண்டு யார் தெரிவு செய்யிறது? அவங்களுக்கு விருப்பமான பெட்டியைத் திறந்து காட்டிட்டு சரி எண்டு சொல்ல மாட்டாங்களா?

#13 நிகழ்தகவு

கொலராடோவில் பத்து முகச் சொக்கட்டான்களை எல்லோர் முன்னிலையிலும் உருட்டி 20 இலக்க எண் ஒன்றை எடுக்கிறார்கள். இங்கே ஒவ்வொரு கட்சிப் பிரதிநிதியும் ஒரு தடவை உருட்டட்டும். ஒருவராவது நேர்மையாக உருட்டினால், அந்த எண்ணை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அந்த எண்ணின் பின்னால் 1 ஐ ஒட்டி எஸ்எச்ஏ-256 க்குக் கொடுங்கள். வரும் பெரிய எண்ணை மொத்தச் சீட்டுத் தொகையால் வகுத்து மீதியை எடுங்கள், ஒன்று கூட்டுங்கள். அதுதான் முதல் சீட்டின் இடம். பிறகு 2 ஐ ஒட்டுங்கள், 3 ஐ ஒட்டுங்கள். யாரும் வீட்டில் இருந்து இதே கணக்கைச் செய்து அதே பட்டியல் வருகிறதா என்று பார்க்கலாம்.

ஒன்றில் தவறினால் எல்லாம் வீண். சொக்கட்டான் உருட்டுமுன், எந்தப் பொதியில் எத்தனை சீட்டு என்ற பட்டியலை வெளியிட்டிருக்க வேண்டும். அந்தப் பட்டியல் வாக்கு முடிவிலிருந்து வரக்கூடாது, #2 இல் உள்ள வாக்குச்சீட்டுக் கணக்கிலிருந்து வர வேண்டும். முடிவைச் சோதிக்க முடிவையே ஆதாரமாக எடுத்தால் சோதனை நடக்கவில்லை.

எண்ணும்போதே 50 சீட்டுக்கு ஒரு கட்டு என்று கட்டி இலக்கமிட்டால் "பொதி 14, கட்டு 7, மேலிருந்து 23ஆவது" என்று ஒரு நிமிடத்தில் எடுக்கலாம். 3,000 சீட்டை ஒரே குவியலாக முத்திரையிட்டு வைத்தால் 1,847ஆவதைத் தேடி எண்ணும்போதே இரண்டு பேருக்கு இரண்டு விடை வரும்.

#14 சீலைக்கரை

நிகழ்தகவு, உங்கள் கணக்கில் எனக்குக் குறையில்லை. சட்டத்தில் முட்டும். 1981 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டப்படியும், அதே ஆண்டின் 1 ஆம் இலக்க பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டப்படியும் எண்ணி முடித்த சீட்டுகள் முத்திரையிடப்பட்டுவிடும். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அந்தப் பொதியைத் திறக்க முடியாது. தேர்தல் மனுவுக்கும் குறுகிய கால எல்லை உண்டு. தணிக்கை வேண்டுமென்றால் பொதி முத்திரையிடுவதற்கு முன், எண்ணும் மண்டபத்திலேயே, முகவர்கள் இருக்கும்போது நடக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். அது இயந்திரம் வாங்குவதைவிட மலிவு.

#15 நிகழ்தகவு

ஏற்கிறேன். இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும். இந்த 580 ஜனாதிபதித் தேர்தலுக்குத்தான். இருவருக்குள் 51 க்கு 49 என்று வந்தால் சராசரி 15,000 சீட்டுக்குப் போய்விடும். வித்தியாசம் பாதியானால் வேலை நான்கு மடங்காகும். நாடாளுமன்றத் தேர்தலில் ஒரே கட்சிக்குள் இருவரிடையே 500 விருப்பு வாக்கு வித்தியாசம் என்றால் மாதிரி எடுப்பதில் பயனில்லை, முழுவதையும் திரும்ப எண்ணுவதுதான் வழி. விருப்பு வாக்கு எண்ணிக்கையில்தான் கட்சிக்காரருக்கு உள்ளேயே சந்தேகம் மூள்கிறது என்பதால் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

#16 பம்பலப்பிட்டிச் சந்தி

அப்படியானால் நடு வழி ஒன்று கேட்கிறேன். கடுதாசி அப்படியே இருக்கட்டும். எண்ணுவதற்கு மட்டும் ஸ்கேனர். மூலச் சீட்டு கையில் இருக்கிறது, வேகமும் கிடைக்கிறது. இதில் என்ன பிழை வரும்?

#17 குறிமுறை

#9 இல் சொன்ன சோதனையில் தேறக்கூடியது இதுதான், ஆனால் மாதிரித் தணிக்கையும் கூடவே இருந்தால் மட்டும். ஸ்கேனர் ஒவ்வொரு சீட்டையும் எப்படி வாசித்தது என்ற பதிவு இருந்தால், சீட்டையும் பதிவையும் ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடலாம். அப்போது 51 க்கு 49 வித்தியாசத்துக்கு 15,000 வேண்டாம், 311 சீட்டளவில் போதும். ஸ்கேனரால் கிடைக்கும் மிகப்பெரிய இலாபம் இது என்பேன். வேகம் இரண்டாம் பட்சம்.

பிழை வரும் இடங்கள்: 27 அங்குலச் சீட்டு, பல தடவை மடித்தது. மடிப்புக் கோடு ஒரு கட்டத்துக்கு மேல் விழுந்தால் ஸ்கேனருக்கு அது கீறலாகத் தெரியலாம். தபால் மூல வாக்கு கடித உறைக்குள் கிடந்து வருவதால் இன்னும் மோசம். அடுத்தது கையெழுத்து. வட்டத்தைக் கறுப்பாக்கும் சீட்டை வாசிப்பது சுலபம்; கட்டத்துக்குள் எழுதிய 1, 2, 3 ஐ வாசிப்பது கடினம். சரிந்த 1 உம் புள்ளடியின் ஒரு காலும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே சீட்டையே மாற்றி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் மூன்று வட்டம் போட வேண்டிவரும். 38 பேருக்கு 114 வட்டம். புள்ளடிக்குப் பழகிய மக்களுக்கு அதைப் பழக்க நாள் எடுக்கும், அதற்குள் நிராகரிப்பு கூடக்கூடும். ஸ்கேனருக்குச் சந்தேகமான சீட்டுகளைத் தனியே ஒதுக்கி, முகவர்கள் முன் கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் மேசை ஒன்று கட்டாயம் வேண்டும்.

தொடுதிரையில் தெரிவு செய்து சீட்டை அச்சிடும் கருவியை யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட மாதிரித் தேர்தல் சோதனையில், வேண்டுமென்றே பிழையாக அச்சிட்டபோது, சீட்டைப் பார்த்தவர்கள் 40 வீதம், அலுவலரிடம் சொன்னவர்கள் 6.6 வீதம்தான். கையால் எழுதியதற்குச் சாட்சி எழுதியவர். அச்சிட்டதை ஒருவரும் பார்க்காவிட்டால் அதற்குச் சாட்சியே இல்லை.

#18 மட்டக்குளி 15

வெளிநாட்டில வேலை செய்யிற எங்கட ஆக்களுக்கு இணைய வாக்கு? எஸ்தோனியாவில செய்யிறாங்களே.

#19 குறிமுறை

2005 முதல் செய்கிறார்கள், 2023 இல் பாதிக்கு மேற்பட்ட வாக்கு இணையத்தில். ஆனால் அங்கே ஒவ்வொருவரிடமும் சில்லு பொருத்திய அடையாள அட்டை உண்டு, வற்புறுத்தலில் போட்ட வாக்கைத் திரும்பப் போட்டு மாற்றலாம். 2017 இல் அந்த அட்டையின் சில்லிலேயே குறை கண்டு 7 இலட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளின் சான்றிதழை நிறுத்த வேண்டி வந்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2021 உள்ளூராட்சித் தேர்தலில் ஐவோட் என்ற இணைய வாக்கு முறை முடங்கி, அடுத்த ஆண்டு மூன்று இடங்களின் தேர்தலை நீதிமன்றம் செல்லாததாக்கியது. முதலாளியின் வீட்டில் தங்கி, கடவுச்சீட்டும் அவர் கையில் இருக்கும் ஒரு பணிப்பெண் தனிமையில் வாக்களிக்கிறாள் என்று மென்பொருள் எதனாலும் உறுதிப்படுத்த முடியாது. தூதரகத்தில் சீட்டு, மறைப்பு, பெட்டி என்பதே அவளுக்குப் பாதுகாப்பு.

#20 கணக்குப்பிள்ளை

எல்லோரும் வாக்குப் போடும் இடத்தையே பார்க்கிறீர்கள். எனக்குப் பயம் கூட்டும் இடத்தில். தேர்தல் ஆணைக்குழு முடிவை வெளியிடுவது தொகுதி வாரியாக. நாட்டில் 160 தொகுதி, கொழும்பு மாவட்டத்தில் 15. ஒரு தொகுதிக்குள் பல எண்ணும் மண்டபம். மண்டபத்தில் நின்ற முகவர் தன் தாளில் எழுதிவந்த எண்ணை, வெளியான எந்தத் தாளோடு ஒப்பிடுவது? தொகுதி எண்ணுக்குள் அது கரைந்துவிடுகிறது. எல்லா மண்டபங்களிலும் ஆள் வைத்திருக்கும் பெரிய கட்சிக்கு மட்டுமே முழுக் கூட்டலும் தெரியும்.

மண்டப வாரியான தாளை, எண்ணும் அலுவலரின் கையொப்பத்தோடு படமெடுத்து அன்றிரவே இணையத்தில் போட்டால் போதும். எந்தப் பாடசாலை மாணவனும் கூட்டிப் பார்க்கலாம். பெட்டிகள் முன்பே கலந்துவிட்டதால் இரகசியமும் கெடாது. இதற்கு இயந்திரம் வேண்டாம், கைத்தொலைபேசிக் கமெரா ஒன்று காணும்.

உள்ளூராட்சித் தேர்தலில் 2018 இலும் 2025 மே 6 இலும் வாக்களித்த இடத்திலேயே எண்ணினார்கள். பெட்டி நகரம் முழுக்கப் பயணிக்கவில்லை என்பது நல்லது. ஆனால் சிறிய வட்டாரத்தில் வாக்கு தனியே தெரிந்துவிடும் என்ற சிக்கல் அங்கே உண்டு. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிறது.

#21 சீலைக்கரை

நிகழ்தகவு, உங்கள் பொதிப் பட்டியலில் ஒரு விடுபாடு. தபால் மூல வாக்குக்கு வாக்களிப்பு நிலையமும் இல்லை, #2 மாதிரியான கணக்கும் இல்லை. அரச ஊழியர், பொலிஸ், படையினர் முன்கூட்டியே தங்கள் அலுவலகத்தில் அத்தாட்சி அலுவலர் முன் அடையாளமிட்டு உறையிலிட்டு அனுப்புகிறார்கள். அவற்றைத் தனியாகத்தான் எண்ணுகிறார்கள். அந்தச் சீட்டுகளுக்கு எந்தத் தொகையை ஆதாரமாக எடுப்பீர்கள்?

#22 நிகழ்தகவு

விட்டுவிட்டேன், நன்றி. தபால் வாக்குக்கு மூன்று எண் வேண்டும்: அனுப்பிய சீட்டு, திரும்பி வந்த உறை, உறை திறந்தபின் ஏற்றுக்கொண்ட சீட்டு. மூன்றாவதைத்தான் பட்டியலில் போட வேண்டும். முதல் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் வராத உறைகள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலானது பிரகடனத்தில் கையொப்பம் இல்லாமலோ வேறு குறையாலோ தள்ளிய உறைகள். தள்ளியவற்றைக் காரண வாரியாக எண்ணிக் கட்டி வைக்க வேண்டும், எறிந்துவிடக்கூடாது. உறையை ஒரு மேசையில் திறந்து, உள்ளுறைகளைக் கவிழ்த்துக் கலந்த பிறகே அடுத்த மேசைக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரும் வாக்கும் ஒன்றாகத் தெரிந்துவிடும். #13 இல் உள்ள பட்டியலில் மாவட்டத்துக்கு ஒரு தபால் பிரிவு என்று 22 வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.